பாதுகாப்பு உத்தரவில் குழந்தையின் பெயர் எங்கே?

கணவர் வீட்டுப் பக்கம் வரக் கூடாது என்று மாஜிஸ்திரேட் உத்தரவு போட்டுவிட்டார். சரி, மறுநாள் மாலை அவர் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றால்? பையனைக் கூட்டிக்கொண்டு போக அவருக்கு உரிமை இருக்கிறதா? பள்ளி அனுப்பலாமா, கூடாதா? அனுப்பிவிட்டால் தவறு யாருடையது?

குடும்ப வன்முறை வழக்கு ஒன்று செய்தியில் அடிபடும்போதெல்லாம் இந்தக் கேள்விகள் கிளம்புகின்றன. அந்த உத்தரவில் என்ன எழுதியிருக்கிறதோ அதைப் பொறுத்தது என்பதுதான் பதில். தாய்க்குக் கிடைத்த பாதுகாப்பு முழுவதும் தானாகவே பிள்ளைக்கும் வந்து சேர்ந்துவிடுவதில்லை. பிள்ளையின் பள்ளி, யார் பொறுப்பில் இருப்பது, யார் எப்போது பார்ப்பது, செலவுக்கு யார் பணம் தருவது என்ற ஒவ்வொன்றையும் கேட்டு வாங்கி, உத்தரவின் வரிகளில் எழுத வைக்க வேண்டும். சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. மனுவில் கேட்காமல் விடுவதால்தான் பல பிள்ளைகள் அந்தப் பாதுகாப்புக்கு வெளியே நிற்கிறார்கள்.

எந்த உத்தரவைப் பற்றிப் பேசுகிறோம்?

‘பாதுகாப்பு உத்தரவு’ என்று பொதுவாகச் சொல்கிறோம். ஆனால் குழந்தைகளைத் தொடும் உத்தரவுகள் பல சட்டங்களிலிருந்து வருகின்றன, போடும் அமைப்புகளும் வேறு வேறு.

1. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005. இது 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. உத்தரவு போடுபவர் மாஜிஸ்திரேட்.

2. கஸ்டடி, அதாவது பிள்ளை யார் பொறுப்பில் வளர வேண்டும் என்ற உத்தரவு. சென்னையில் இது உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள குடும்ப நல நீதிமன்றத்தின் வேலை. 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டமும், இந்துக்களுக்கு 1956ஆம் ஆண்டுச் சட்டமும் இதற்கு அடிப்படை.

3. இளைஞர் நீதிச் சட்டம், 2015. இதில் உத்தரவு போடுவது குழந்தைகள் நலக் குழு. பெயரில் நீதிமன்றம் இல்லாவிட்டாலும் மாஜிஸ்திரேட்டுக்குரிய அதிகாரம் அதற்கு உண்டு.

4. குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், 2006. நடக்கவிருக்கும் திருமணத்தை நிறுத்தும் தடை உத்தரவு.

5. போக்சோ சட்டம், 2012. பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையின் அடையாளம் வெளியே தெரியாமலும், சாட்சி சொல்லும்போது குற்றம் சாட்டப்பட்டவர் எதிரே படாமலும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை இது சிறப்பு நீதிமன்றத்துக்குத் தருகிறது.

அதிகமான குடும்பங்கள் சந்திப்பதும், அதிகமாகக் குழப்புவதும் முதலாவதுதான். அதில் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

2005ஆம் ஆண்டுச் சட்டத்தில் குழந்தை எங்கெல்லாம் வருகிறது?

இந்தச் சட்டப்படி 18 வயது நிரம்பாத எவரும் குழந்தைதான். தத்தெடுத்த பிள்ளை, கணவரின் அல்லது மனைவியின் முந்தைய உறவில் பிறந்த பிள்ளை, வளர்ப்புப் பிள்ளை எல்லோரும் இதில் அடக்கம். பெயரில் ‘பெண்கள்’ என்று இருப்பதால் இது மனைவிக்கு மட்டுமான சட்டம் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். பிரிவுகளைப் பார்த்தால் நிலைமை வேறு.

பிரிவு 18, பாதுகாப்பு உத்தரவு. வன்முறை செய்யக் கூடாது, தொடர்பு கொள்ளக் கூடாது, வேலை செய்யும் இடத்துக்கு வரக் கூடாது என்று தடுப்பது இதுதான். பாதிக்கப்பட்டவர் குழந்தையாக இருந்தால் அதன் பள்ளிக்கும், அது வழக்கமாகப் போய்வரும் இடங்களுக்கும் போகக் கூடாது என்று தடுக்கலாம் என்றும் இந்தப் பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. பாதிக்கப்பட்டவரைச் சார்ந்திருப்பவர்கள் மீது வன்முறை காட்டக் கூடாது என்ற தடையும் இதிலேயே இருக்கிறது.

பிரிவு 19, குடியிருப்பு உத்தரவு. வீட்டைவிட்டு யார் வெளியேறுவது என்ற கேள்விக்கு இது பதில் சொல்கிறது.

பிரிவு 20, பண உதவி. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்தே ஜீவனாம்சம் கேட்கலாம்.

பிரிவு 21, தற்காலிக கஸ்டடி. வழக்கின் எந்தக் கட்டத்திலும் பிள்ளைகளைத் தாயின் பொறுப்பில் விட மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். தந்தை எப்படிச் சந்திப்பது என்பதையும் அதிலேயே வரையறுக்கலாம். சந்திப்பு குழந்தைக்குத் தீங்காகும் என்று மாஜிஸ்திரேட் கருதினால் அதை அனுமதிக்காமல் மறுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் கட்டளையிடுகிறது. மறுக்கலாம் என்று விருப்பத்துக்கு விடவில்லை.

பிரிவு 23, இடைக்கால உத்தரவு. அவசரம் என்றால் மனுவோடு தரும் பிரமாண வாக்குமூலத்தை மட்டும் வைத்து, எதிர்த் தரப்பு வருவதற்கு முன்பே மேலே சொன்ன எல்லாவற்றையும் கொடுக்கலாம். எக்ஸ்பார்ட்டி உத்தரவு என்று கோர்ட்டில் சொல்வது இதைத்தான்.

மனு போட்டதிலிருந்து முதல் விசாரணை வழக்கமாக 3 நாட்களுக்குள் வர வேண்டும், அந்த முதல் விசாரணையிலிருந்து 60 நாட்களுக்குள் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு. நடைமுறையில் வாய்தா மேல் வாய்தா விழுவதை எல்லோரும் அறிவோம். ஒரு கல்வியாண்டே அதில் கரைந்துவிடும். அதனால் பிள்ளைக்குத் தேவையானவற்றை இறுதி உத்தரவுக்காக வைத்திருக்காமல் இடைக்கால மனுவிலேயே கேட்பதுதான் சரி.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம்

விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் குடும்பம். பெரம்பூரில் வீடு. பையன் நான்காம் வகுப்பு, பெண் பத்தாம் வகுப்பு. அடி தாங்க முடியாமல் தாய் இருவரையும் கூட்டிக்கொண்டு சைதாப்பேட்டையில் உள்ள தன் அம்மா வீட்டுக்கு வந்துவிடுகிறார். வழக்குப் போடப் பெரம்பூருக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்துக்குரிய மாஜிஸ்திரேட்டிடமே போடலாம், பிரிவு 27 அதை அனுமதிக்கிறது. மூன்று வரியில் ஓர் இடைக்கால உத்தரவு கிடைக்கிறது: எதிர்மனுதாரர் மனுதாரருக்கு எந்தவிதக் குடும்ப வன்முறையும் இழைக்கக் கூடாது, மனுதாரர் தங்கியிருக்கும் வீட்டுக்கு வரக் கூடாது, மனுதாரரைத் தொடர்பு கொள்ளக் கூடாது.

இப்போது அந்த வாரம் நடக்கக்கூடியதை நினைத்துப் பாருங்கள். திங்கட்கிழமை மூன்றரை மணிக்கு அப்பா பெரம்பூர் பள்ளி வாசலில் நிற்கிறார், பையன் அவருடைய பைக்கில் ஏறிக்கொள்கிறான். செவ்வாய்க்கிழமை பெண்ணின் வாட்ஸ்அப்புக்குக் குரல் பதிவு வருகிறது: ‘கேஸை வாபஸ் வாங்கச் சொல்லு உங்கம்மாகிட்ட.’ புதன்கிழமை டியூஷன் வாசலில் சித்தப்பா காத்திருக்கிறார். அந்த மூன்று வரிகளை வைத்துப் பார்த்தால் திங்கட்கிழமை நடந்தது மீறல் இல்லை. செவ்வாய்க்கிழமை நடந்தது தாய்க்கு விட்ட மறைமுகத் தொடர்புதான் என்று வாதாடலாம், ஆனால் வாதாட வேண்டியிருக்கும். புதன்கிழமைக்கு வழியே இல்லை, சித்தப்பா அந்த வழக்கில் கட்சிக்காரரே கிடையாது.

கஸ்டடி உத்தரவு இல்லாதவரை தந்தை இயற்கைக் காப்பாளர்களில் ஒருவர். அவரைத் தடுக்கப் பள்ளிக்கு எந்தக் காகிதமும் கையில் இல்லை. தாய் தொலைபேசியில் அழுதுகொண்டே சொன்னாலும் தலைமை ஆசிரியரின் நிலை தர்மசங்கடம்தான். பள்ளியைக் குறை சொல்லிப் பயனில்லை, தேவையான காகிதம் பள்ளிக்கு வரவில்லை.

அதே உத்தரவில் கீழ்க்கண்டவை இருந்திருந்தால் கதை வேறு:

1. இரு பிள்ளைகளின் பெயர், வயது, படிக்கும் பள்ளியின் பெயர். பள்ளிக்கும் டியூஷனுக்கும் எதிர்மனுதாரர் போகக் கூடாது என்ற தடை.
2. பிரிவு 21இன் கீழ் தற்காலிக கஸ்டடி தாய்க்கு என்ற தெளிவான வாசகம். பள்ளியைப் பொறுத்தவரை எல்லாவற்றையும்விட முக்கியமான வரி இதுதான்.
3. சந்திப்பு உண்டு என்றால் எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம், யார் கொண்டுவந்து விடுவது, யார் திரும்ப அழைத்து வருவது.
4. பிள்ளைகளின் மூலமோ மூன்றாம் நபர் மூலமோ தாய்க்குச் செய்தி அனுப்பக் கூடாது என்ற வரி. வழக்கு சம்பந்தமாகப் பேச வேண்டும் என்றால் வக்கீல் வழியாக.
5. பாடப் புத்தகம், சீருடை, பிறப்புச் சான்றிதழ், ஆதார் அட்டை ஆகியவற்றை வீட்டிலிருந்து எடுத்துவரச் சமூக நலத்துறையின் பாதுகாப்பு அலுவலரோ போலீஸோ துணை வர வேண்டும் என்ற உத்தரவு.

ஐந்தாவதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்க வேண்டாம். இரவோடு இரவாகக் கிளம்பிய வீட்டில் பத்தாம் வகுப்பு மாணவியின் ரெக்கார்டு நோட்டு மாட்டிக்கொண்டால் செய்முறைத் தேர்வு மதிப்பெண் போகும்.

இதையெல்லாம் கேட்பதற்கான இடம் ஆரம்பப் படிவத்திலேயே இருக்கிறது. பாதுகாப்பு அலுவலர் எழுதும் குடும்ப வன்முறை நிகழ்வு அறிக்கையில், டிஐஆர் என்று சொல்வார்களே அதில், பிள்ளைகள் எத்தனை பேர், வயது என்ன, இப்போது யாருடன் இருக்கிறார்கள் என்ற விவரங்களுக்கு இடம் உண்டு. எந்தெந்த உத்தரவுகள் வேண்டும் என்ற பட்டியலும் உண்டு, அதில் கஸ்டடி தனியாக வருகிறது. பதற்றத்தில் அதை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். அந்த இடத்தை நிரப்பாமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது.

வீட்டைவிட்டு யார் போவது?

அடிபட்டவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போவதுதான் வழக்கம் என்று நாம் எடுத்துக்கொண்டுவிட்டோம். பிள்ளைகளின் பக்கம் நின்று பார்த்தால் இதுதான் அதிகச் சேதம் விளைவிக்கும் ஏற்பாடு. ஒரே நாளில் பள்ளி, நண்பர்கள், தெரு, படுக்கை எல்லாம் மாறிவிடுகின்றன.

பிரிவு 19இன் கீழ் வன்முறை செய்தவரையே வெளியேறச் சொல்லலாம். 2022 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆர்.என்.மஞ்சுளா இது பற்றித் தெளிவான தீர்ப்பு ஒன்றைச் சொன்னார். வீட்டில் அமைதி திரும்பக் கணவரை வெளியேற்றுவது ஒன்றுதான் வழி என்றால், அவருக்கு வேறு இடம் இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் அப்படி உத்தரவிட வேண்டும் என்பது அதன் சாரம். வீட்டில் இருக்கட்டும், ஆனால் தொந்தரவு செய்யக் கூடாது என்பது போன்ற அரைகுறை உத்தரவுகள் பயந்து வாழும் பெண்ணுக்கும் பிள்ளைகளுக்கும் பயன்படாது என்பதை அந்தத் தீர்ப்பு புரிந்துகொண்டது. இதில் ஒரு வரம்பு உண்டு: வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லும் உத்தரவைப் பெண்கள் மீது போட முடியாது. எனவே மாமியாரையோ நாத்தனாரையோ இந்தப் பிரிவில் வெளியேற்ற முடியாது.

நம் எடுத்துக்காட்டில் பத்தாம் வகுப்புப் பெண்ணுக்கு இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம். பொதுத்தேர்வுக்கான பெயர்ப் பட்டியல் அவள் படிக்கும் பள்ளியிலிருந்து போகிறது. நடு ஆண்டில் பள்ளி மாறுவது அவளுக்குக் கிட்டத்தட்ட முடியாத காரியம். பிரிவு 19இல் மனு போடும்போது இந்தக் காரணத்தையும் எழுத வேண்டும்.

பள்ளி மாறியே ஆக வேண்டும் என்றால்

பையனுக்கு வழி இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம், 2009, 6 முதல் 14 வயது வரை உள்ளவர்களுக்கானது. அதன்படி:

1. எந்தக் காரணத்துக்காகவும் வேறு அரசுப் பள்ளிக்கோ அரசு உதவி பெறும் பள்ளிக்கோ மாறலாம். பழைய பள்ளியின் தலைமை ஆசிரியர் உடனே டிசி கொடுக்க வேண்டும்.
2. டிசி வரத் தாமதமானால் அதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது.
3. சேர்க்கைக் காலம் முடிந்துவிட்டது, வயதுச் சான்று இல்லை என்ற காரணங்களும் செல்லாது.

கட்டணப் பாக்கி இருக்கிறது என்று டிசியைப் பிடித்து வைப்பதும், பாக்கி விவரத்தை டிசியில் எழுதுவதும் நம் ஊரில் சகஜம். 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு இதைக் கண்டித்தது. சேர்க்கைக்கு டிசி கேட்டு வற்புறுத்தக் கூடாது, கட்டணப் பாக்கி பற்றி அதில் குறிப்பு எழுதக் கூடாது என்று பள்ளிகளுக்கு அறிவுறுத்துமாறு அரசிடம் சொன்னது. பீஸ் கட்டுபவர் அப்பா, இப்போது கோபத்தில் நிறுத்திவிட்டார் என்ற நிலைமையில் இருக்கும் தாய்க்கு இது கைகொடுக்கும்.

பள்ளியிடம் என்ன கொடுக்க வேண்டும்? உத்தரவின் சான்றிட்ட நகலும், பிள்ளையை அழைத்துப்போக அனுமதிக்கப்பட்ட இரண்டு மூன்று பேரின் பெயர், புகைப்படம், தொலைபேசி எண் கொண்ட ஒரு கடிதமும். தலைமை ஆசிரியரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்க வேண்டும். வேன் ஓட்டுநருக்கும் வாசல் வாட்ச்மேனுக்கும் விஷயம் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வகுப்பு முழுவதும் தெரிய வேண்டியதில்லை. பையனைத் தனியே கூப்பிட்டு ‘வீட்டில் என்ன பிரச்சினை?’ என்று ஆளாளுக்கு விசாரிப்பதும் வேண்டாம்.

சந்திப்பு என்ற சிக்கல்

அப்பா அம்மாவை அடித்தவர்தான், ஆனாலும் பையனுக்கு அவரைப் பார்க்க வேண்டும் போல இருக்கலாம். பெண்ணுக்கு அவர் முகத்திலேயே விழிக்கப் பிடிக்காமல் இருக்கலாம். ஒரே வீட்டுப் பிள்ளைகள் இருவருக்கும் ஒரே ஏற்பாடு பொருந்தாது. இதைத் தனித்தனியே சொல்லி, தனித்தனியே உத்தரவு கேட்கலாம்.

கஸ்டடி விவகாரங்களில் பிள்ளையின் நலனே எல்லாவற்றுக்கும் மேலானது என்பது நிலைபெற்ற சட்டம். 1973இல் உச்ச நீதிமன்றம் சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில், பிள்ளைகள் பெற்றோரின் உடைமைகளும் அல்ல, விளையாட்டுப் பொருட்களும் அல்ல என்று சொன்னது. ஐந்து வயது நிரம்பாத குழந்தை வழக்கமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்று 1956ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதற்கு மேற்பட்ட வயதில் நீதிபதி தன் அறையில் பிள்ளையிடம் நேரில் பேசி அதன் மனதைத் தெரிந்துகொள்வது வழக்கம்.

அந்த அறைக்குப் போவதற்கு முன் இரு தரப்பும் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதுதான் நடக்கும் கொடுமை. ‘யாரிடம் இருக்க ஆசை?’ என்ற கேள்விக்கு ஒரு பெயரைச் சொன்னால் இன்னொருவருக்குத் துரோகம் செய்ததாக ஒன்பது வயதுப் பிள்ளை நினைத்துக்கொள்கிறது. முடிவு எடுப்பவர் நீதிபதி, நீ அல்ல என்பதை அவனுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

வன்முறை இருந்த வீட்டில் சந்திப்பு நேரங்கள்தான் ஆபத்தானவை, குறிப்பாகப் பிள்ளையைக் கைமாற்றும் அந்தப் பத்து நிமிடம். அதனால் தாயும் தந்தையும் நேருக்கு நேர் வராத ஏற்பாடு வேண்டும். தாத்தாவோ பாட்டியோ கொண்டுவந்து விடலாம், அல்லது நீதிமன்ற வளாகத்திலேயே வேறொருவர் பார்வையில் சந்திப்பு நடக்கலாம். ‘இரு தரப்பும் பேசி முடிவு செய்துகொள்ளலாம்’ என்று எழுதப்பட்ட உத்தரவு இந்த வீட்டுக்கு உதவாது. அடித்தவரோடு ஒவ்வொரு வாரமும் பேரம் பேசு என்று அடிபட்டவரிடம் சொல்வதுதான் அது.

தந்தைக்கும் வழி இருக்கிறது. சூழ்நிலை மாறியிருந்தால் பிரிவு 25இன் கீழ் உத்தரவை மாற்றவோ நீக்கவோ கேட்கலாம், 30 நாட்களுக்குள் செஷன்ஸ் நீதிமன்றத்தில் மேல்முறையீடும் செய்யலாம். பள்ளி வாசலில் போய் நின்று தகராறு செய்வதைவிட அதுதான் பிள்ளையிடம் அவரைச் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

பணம்

பிரிவு 20இன் கீழ் வரும் தொகையைச் சம்பளத்திலிருந்தே பிடித்துத் தருமாறு வேலை தருபவருக்கு உத்தரவிடலாம். 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஜீவனாம்ச வழக்குகளுக்கு வகுத்த நெறிமுறைகளின்படி, இரு தரப்பும் சொத்து, வருமான விவரங்களைப் பிரமாண வாக்குமூலமாகத் தர வேண்டும். தொகை மனு போட்ட நாளிலிருந்து கணக்காகும். பிள்ளைகளின் உணவு, உடை, மருத்துவம், படிப்பு எல்லாம் அதில் சேரும். மொத்தமாக ஒரு தொகை கேட்பதைவிட பீஸ், வேன் கட்டணம், டியூஷன் என்று ரசீதோடு பிரித்துக் காட்டினால் நீதிமன்றத்துக்குக் கணக்கிட எளிது.

மீறினால் என்ன ஆகும்?

மனு போடுவதால் தந்தை குற்றவாளி ஆகிவிடுவதில்லை. இந்த நடவடிக்கை பெரும்பாலும் சிவில் தன்மை கொண்டது. பாதுகாப்பு உத்தரவையோ இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவையோ மீறுவது குற்றம்: ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். போலீஸ் வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம், ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது. பாதிக்கப்பட்டவரின் சாட்சியம் ஒன்றை மட்டும் வைத்தே நீதிமன்றம் முடிவுக்கு வரலாம்.

இதற்காகத்தான் உத்தரவின் நகல் அந்தப் பகுதி காவல் நிலையத்துக்குப் போவது முக்கியம். கட்டணம் இல்லாமல் இரு தரப்புக்கும் காவல் நிலையத்துக்கும் நகல் தர வேண்டியது நீதிமன்றத்தின் கடமை, பிரிவு 24 அதைத்தான் சொல்கிறது. நம் எடுத்துக்காட்டில் வீடு ஒரு காவல் எல்லை, பள்ளி இன்னொரு எல்லை. இரண்டு ஸ்டேஷனிலும் நகல் இருக்க வேண்டும்.

வளர்ந்த பிள்ளைகளுக்கு இன்னொரு பயம் உண்டு: அப்பா மீது வழக்கு இருந்தால் நாளைக்கு எனக்கு வேலை, பாஸ்போர்ட் கிடைக்காதா? பிள்ளையின் பெயரில் எந்த வழக்கும் பதிவாவதில்லை. விசாரணையை மூடிய அறையில் நடத்தவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

தாயிடமும் இருக்க முடியாத பிள்ளைகள்

வீட்டில் ஒருவரிடமும் பாதுகாப்பில்லை என்றால் விஷயம் குழந்தைகள் நலக் குழுவுக்குப் போகிறது. ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட குழு, மாதத்தில் குறைந்தது 20 நாட்கள் கூட வேண்டும். போலீஸ், 1098 உதவி எண்ணில் வருபவர்கள், அக்கம்பக்கத்தார் என யாரும் பிள்ளையை அங்கே கொண்டுபோகலாம். பிள்ளை தானாகவே போயும் நிற்கலாம். பலருக்குத் தெரியாத உரிமை இது.

பிள்ளையை மீட்ட 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, குழுவின் முன் நிறுத்த வேண்டும். குடும்பச் சூழல் பற்றிய சமூக விசாரணை அறிக்கை 15 நாட்களில் முடிய வேண்டும். முதன்முதலில் ஆஜரான நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் இறுதி உத்தரவு வர வேண்டும். கண்காணிப்போடு பெற்றோரிடமே திருப்பி அனுப்பலாம், தகுதியான உறவினரிடம் விடலாம், வளர்ப்புக் குடும்பத்தில் வைக்கலாம், நிதி உதவி தரலாம், குழந்தைகள் இல்லத்தில் சேர்க்கலாம். இல்லம் கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் கொள்கைகளில் ஒன்று.

சென்னையில் இல்லம் என்றதும் அரசு இல்லங்கள் இருக்கும் கெல்லீஸும் ராயபுரமும்தான் நினைவுக்கு வரும். பாதுகாப்புக்காகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். தப்பு செய்தவர் வீட்டில் இருக்கிறார், நான் ஏன் பூட்டிய கேட்டுக்குள் இருக்கிறேன் என்று பிள்ளை கேட்கிறது. நியாயமான கேள்விதான். அந்த உத்தரவு போடும்போது, புரிந்துகொள்ளும் வயதுள்ள பிள்ளையின் விருப்பத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று பிரிவு 37 சொல்கிறது. பிள்ளையிடம் கேட்டார்களா, கேட்டதைப் பதிவு செய்தார்களா என்று பெற்றோரோ உறவினரோ விசாரிக்கலாம். உத்தரவில் குறை இருந்தால் 30 நாட்களில் மேல்முறையீடு செய்யலாம்.

சகோதரர்கள் பிரிந்துபோவதும் இங்கே நடக்கிறது. தாயோடு மகளிர் தங்குமிடத்தில் சிறு குழந்தைகளும் பெண் பிள்ளைகளும் இருக்கலாம், ஆனால் குறிப்பிட்ட வயதைத் தாண்டிய பையன்களைச் சேர்ப்பதில்லை. அவன் மட்டும் தனியாக ஓர் இல்லத்துக்குப் போகிறான். வன்முறையில் அம்மாவைக் காப்பாற்றக் குறுக்கே விழுந்த பையனாக இருந்தாலும் இதே நிலைதான். உறவினர் யாரிடமாவது அவனை விட முடியுமா என்று குழுவிடம் முதல் நாளே கேட்பது நல்லது.

திருமணத்தை நிறுத்தும் உத்தரவு

குழந்தைத் திருமணம் நடக்கவிருக்கிறது என்று தெரிந்தால் மாஜிஸ்திரேட் தடை உத்தரவு போடலாம். யார் வேண்டுமானாலும் தகவல் தரலாம், தகவல் தெரிந்து நீதிமன்றம் தானாகவும் எடுக்கலாம். அவசரம் என்றால் நோட்டீஸ் இல்லாமலே இடைக்காலத் தடை வரும்.

இந்தத் தடைக்குச் சட்டத்தில் தனி பலம் உண்டு. சாதாரணமாக 18 வயதுக்குள் நடந்த திருமணம், சம்பந்தப்பட்டவர் மனு போட்டால்தான் ரத்தாகும். வயது வந்து இரண்டு ஆண்டுகளுக்குள் அந்த மனுவைப் போட்டாக வேண்டும். ஆனால் தடை உத்தரவை மீறி நடந்த திருமணம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது. பெண் எந்த மனுவும் போட வேண்டியதில்லை. தெரிந்தே தடையை மீறியவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

நிச்சயதார்த்தத்தைத் தடுக்கத்தான் சட்டத்தில் தெளிவான வழி இல்லை. சிறு வயதில் நிச்சயம் செய்வதையும் தடை செய்யலாமா என்று நாடாளுமன்றம் யோசிக்க வேண்டும் என 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

18 வயதின் இரு பக்கம்

17 வயதுப் பெண் காதலனோடு போய்விட்டால் சட்டத்தின் கண்ணில் அவள் குழந்தைதான். பையன் மீது போக்சோ வழக்கு, அவளுக்கு இல்லம். பெற்றோர் வீட்டுக்குப் போனால் அடி விழும் என்று அவள் சொல்லும்போது குழு அதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும், அவளைத் திருப்பி அனுப்புவதற்கு முன் அந்த வீட்டை விசாரிக்க வேண்டும்.

18 முடிந்த மறுநாள் அவள் தன் விருப்பப்படி வாழலாம், இல்லத்தில் பிடித்து வைக்க முடியாது. சாதி மாறித் திருமணம் செய்தவர்களுக்கு மிரட்டல் வந்தால் பாதுகாக்க மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவும், 24 மணி நேர உதவி எண்ணும் வேண்டும் என்று 2016இல் சென்னை உயர் நீதிமன்றமும், அதே திசையில் விரிவாக 2018இல் உச்ச நீதிமன்றமும் உத்தரவிட்டிருக்கின்றன.

வன்முறை வீட்டில் வளர்ந்த மகளுக்கு 18 ஆனால் 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி அவள் தன் பெயரிலேயே மனு போடலாம். மகனுக்கு அந்த வழி இல்லை, அந்தச் சட்டம் பெண்ணைத்தான் பாதிக்கப்பட்டவர் என்கிறது. இல்லத்தில் வளர்ந்தவர்களுக்கு 18 முதல் 21 வயது வரை படிப்பு, தங்குமிடம், தொழில் பயிற்சிக்குப் பின்தொடர் உதவி கேட்கச் சட்டம் இடம் தருகிறது. கேட்காமல் வெளியேறிவிடுபவர்களுக்கு அது கிடைப்பதில்லை.

எங்கே போவது?

உடனடி ஆபத்து என்றால் 112. குழந்தைக்கு 1098. பெண்களுக்கு 181. பாதுகாப்பு அலுவலர் சமூக நலத்துறையைச் சேர்ந்தவர், அருகில் உள்ள அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் கேட்டாலும் அவரிடம் அனுப்பிவைப்பார்கள். வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, எண் 15100.

பாதுகாப்பு உத்தரவுக்குக் காலாவதித் தேதி கிடையாது, தாய் நீக்கச் சொல்லிக் கேட்கும்வரையோ, சூழ்நிலை மாறியதென்று மாஜிஸ்திரேட் அதை மாற்றும்வரையோ அது நிற்கும். ஆனால் அதில் எழுதிய பள்ளியின் பெயர் பழசாகிவிடும். பையன் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி போனாலோ, வீடு மாறினாலோ, பிரிவு 25இன் கீழ் ஒரு மனு போட்டுப் புதிய பெயரைச் சேர்த்து, புதிய நகலை அந்தப் பள்ளியிலும் அந்தப் பகுதி ஸ்டேஷனிலும் கொடுத்துவிட வேண்டும்.